வெற்றிலை வைத்து அழைத்த சேனல்

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என் மனைவி என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு சினிமா ஓடும் நேரம்கூடத் தேறாது. கோபமில்லை, சுபாவமே அப்படி என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்தக் காலத்தில், எருத்தேன்பதியில் எங்கள் தோப்பில் அவள் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுப்பதை விளையாட்டாகப் போனில் படம் பிடித்தேன். எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ, பதினெட்டு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

உலகமே பார்க்கும் அந்தப் பெரிய வீடியோ தளத்தில் அதைப் போட்டோம். பிறகு வாரம் ஒன்று என்று இரண்டு வருஷம் ஓடியது. கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் தோப்பில் நின்றால் மைக்கில் காற்றின் இரைச்சல் மட்டும்தான் பதியும். அதனால் மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எடுப்போம். கிரீஸ் வாடையில் நான் வியர்த்துக் கொட்ட நிற்பேன். அவளோ கடலை போடும் பருவம், சினைமாட்டுத் தீனி, எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் யாருக்கும் தெரியாமல் அழுதது என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவாள். அழுதது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

கெடுத்தது விளம்பரம். போர் வற்றி நாற்பது தென்னை காய்ந்துபோன வருஷத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். சரியாக அந்த இடத்தில் புகுந்து ஒருவன் ஜட்டி விளம்பரத்துக்கு ஆடினான். மறுநாள் பால் சொசைட்டியில் இவளைப் பார்த்ததும், “நீ அழுகறே அம்மிணி, அவன் என்னமா ஆடறான்!” என்று சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் கேனை இறக்கி வைத்துவிட்டு, “இனி அங்க நான் பேசமாட்டனுங்க” என்றாள்.

சேனல் போனால் போகட்டும். அவள் பழையபடி வாயை மூடிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

காசும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம் என்று செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன். காசு நின்றது, விளம்பரம் நிற்கவில்லை. சொந்தமாக வெப்சைட் வைக்கலாமா என்று கோயம்புத்தூரில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன பராமரிப்புக் கதையில் தலை சுற்றியது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவே அவளைத் தேட வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு சின்னத் தளம் கிடைத்தது. விளம்பரமே கிடையாது, பார்க்கிறவர்கள் சந்தா கட்ட வேண்டும்.

“கூட்டம் குறையும்” என்றேன்.

“குறையட்டுங்க. வர்றவங்க முழுசாக் கேட்டாப் போதும்.”

இடம் மாறுகிறோம் என்று ஒரு வீடியோவில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. “புது ஊட்டுக்குப் போறமுங்க. நேர்ல போய்க் கூப்பிடாம எப்படீங்க வருவாங்க?” என்றாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு மொபட்டில் கிளம்பினோம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை என்று பத்து நாள் அலைந்தோம். வீட்டுக்கு வீடு காபி குடித்து, அவர்கள் போனை வாங்கி ஆப்பை ஏற்றி, சந்தாவையும் நாங்களே கட்டிக் கொடுத்தோம். “வெள்ளிக்கிழம காலைல பத்து மணிக்குங்க, குடும்பத்தோட வந்துருங்க” என்று அவள் அழைப்பாள். நான் பின்னால் அசடு வழிந்துகொண்டு நிற்பேன்.

வெள்ளிக்கிழமை ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். “வந்துட்டமுங்க”, “ஊட்ல எல்லாரும் வந்திருக்கமுங்க” என்று கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் அவள் சத்தமாகப் படித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளி மூன்றே பேர். அதற்கடுத்த வெள்ளி ஒருத்தர். பால் சொசைட்டியில் ஒரு பெரியவரைப் பிடித்துக் கேட்டேன்.

“அதான் அன்னிக்கே வந்தமுல்ல மாப்ளே? விசேஷம் நல்லாத்தான் நடந்துச்சு. மறுக்கா எதுக்கு?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் வெற்றிலை வைத்துக் கூப்பிட்டால் போய்த் தலைகாட்டிவிட்டு வருவது மரியாதை. வாரா வாரம் அதே வீட்டில் போய் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் வேறு.

“ஒருத்தர் பாத்திருக்காங்க” என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அந்த ஒருத்தர் நான்தான் என்பதைச் சொல்லவில்லை. பழைய போனில் வேறு பெயரில் சந்தா கட்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். “ஒருத்தர் முழுசாக் கேக்கறாங்கன்னா நிறுத்தக் கூடாதுங்க” என்று அவள் அடுத்த வாரமும் பேசினாள். இப்படியே ஐந்து மாதம் போனது. நடுநடுவே “அருமை” என்று எழுதுவேன், அவள் நன்றி சொல்லிப் பதில் போடுவாள். கட்டிய மனைவியையே ஏமாற்றுகிறோமே என்று கூசியது. ஆனாலும் அவள் பேச்சை இழக்க மனசு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை களத்தில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். “அதை எடுத்து வைங்க” என்றாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

“அந்த ஒருத்தர் நீங்கதான்னு ரெண்டாவது வாரமே தெரியுமுங்க. பால் கறக்கறப்ப கொட்டாய்க்குப் பின்னால எம் பேச்சு எனக்கே கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் பேசுன?”

அவள் ஒரு மட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டாள். “இந்தப் போன் இல்லாமப் பேசினா நீங்க கேப்பீங்களோ மாட்டீங்களோன்னு பயந்துட்டுத்தானுங்க அதுலயே பேசிட்டிருந்தேன்” என்றாள்.

போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.