கஸ்தூரியின் முதுகில் ஒரு கை

இன்று காலை எதிர்வீட்டுக் கஸ்தூரி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் கணவர் இறந்து மூன்று மாதமாகிறது. சாமி அலமாரி முன்னால் கண்ணை மூடி நின்றால், யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்களாம். அந்த ஆவியை ஓட்டுவதற்கு மகன் வெள்ளிக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து பூசாரியை அழைத்து வருகிறான்.

“அவருதான் டீச்சர். பின்னாடியே நின்னுக்கினு இருக்காரு. நீங்க நம்ப மாட்டீங்க, வந்து பாருங்க.”

கண்ணை மூடி நின்றாள். நான் பின்னால் நின்று, அவளைத் தொடாமல் கையை நீட்டியிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. சற்று நேரத்தில் அவள் முதுகு, யாரோ தள்ளியதுபோலவே முன்னால் போனது. என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

“பாத்தீங்களா? இடது தோளுக்குக் கீழ. அவரு கைதான்.”

அப்போதுதான் கவனித்தேன். அவள் மூச்சே விடவில்லை. வயிறும் முதுகும் இறுகிக் கிடந்தன. இடுப்பு இளகியிருந்தால் சின்னச் சின்ன ஆட்டங்களை அதுவே சமாளித்துக்கொள்ளும். இறுகிவிட்டால் நிறுத்திவைத்த கம்புபோல் ஆளே சாய்வார்.

“தள்ளுவாருன்னு பயந்து நீதான் விறைப்பா நிக்கிற. மூச்சு விடு. வயித்தத் தளர்த்து.”

தளர்த்தினாள். இரண்டு நிமிடம் ஆடாமல் நின்றாள். பூசாரி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“போயிட்டாரா டீச்சர்?” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

பிறகு மூச்சைப் பிடித்து, வயிற்றை மெல்ல இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

பூசாரியாவது நாள் குறித்துவிட்டு வருகிறார். நான் காப்பி குடித்த கையோடு போய் அவரை ஓட்டிவிட்டேன். நான் செய்தது சரிதானா, வலைப்பூ நண்பர்களே?