லிஃப்டில் நைட்ரஜனோடு

கடுங்குளிரூட்டிய மீக்கடத்தியின் மேல் காந்தம் மிதப்பதை மாணவர்களுக்குக் காட்ட, களமசேரி ஆய்வகத்திலிருந்து திரவ நைட்ரஜன் கேனுடன் மட்டாஞ்சேரிப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலிக்காரரான அறிவியல் டீச்சர் என்னை லிஃப்டுக்கு அழைத்தார். நைட்ரஜன் ஆவியானால் காற்றைத் தள்ளிவிடும், மூடிய இடத்தில் அந்தக் கேனோடு ஆள் போகக்கூடாது என்று தெரிந்தும் ஏறினேன்.

நடுவழியில் மின்சாரம் போய் லிஃப்ட் குலுங்கி நின்றது. கேன் சாய்ந்து, கொட்டிய நைட்ரஜன் வெள்ளைப் புகையாகத் தரையில் பரவியது. பதறி நிமிர்த்தினேன்.

“கால் வலிக்கறது மோளே, செத்த இரிக்கட்டா?” என்று டீச்சர் தரையில் உட்காரக் குனிந்தார்.

“வேண்டாம் டீச்சர்! கீழே மூச்சுவிடக் காற்று இருக்காது. நின்னே ஆகணும்.”

கத்தினோம். வெளியே யாரோ சாவி தேடி ஓடும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வந்தது, ஆனால் ஒரு முகம் வைக்கத்தான் இடம். வெட்கமாக இருக்கிறது, முதலில் என் முகத்தைத்தான் வைத்தேன்.

டீச்சர் பயப்படாதே என்பதுபோல் என் முதுகைத் தடவினார். “பேடிக்காதே மோளே.”

நான் விலகி அவரை இடுக்கருகே இழுத்து நிறுத்தினேன். அவர் இரண்டே மூச்சு இழுத்துவிட்டு, என் கழுத்தைப் பிடித்து முகத்தை மறுபடி இடுக்கில் வைத்தார். “இனி நீ.”

கதவு திறக்கும்வரை அப்படியே மாறி மாறி நின்றோம்.

ஒருவர் எனக்காகத் தன் மூச்சைக் குறைத்துக்கொண்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.