காத்தாயி கொடுக்கப் போன நுரையீரல்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948ஆம் வருஷம்தான் காத்தாயி வாழ்க்கைப்பட்டு நார்த்தாமலைக்கு வந்தாள். ராஜா போனதில் அவளுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தாலி கட்டிய நாலாம் நாள் புருஷன் ஆண்டிச்சாமி அவள் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்துக் கல் உடைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனான். அவன் பாறையில் வெடிமருந்துக்குத் துளை அடிப்பான். பத்தடி தள்ளி உட்கார்ந்து அவள் ஜல்லி உடைப்பாள். மற்றப் பெண்கள் எல்லாம் தூரத்தில் மர நிழலுக்குப் போய்விடுவார்கள்.

"அங்கிட்டு வாடி, அவரு பக்கத்துலயே கெடந்து தூசி தின்னணுமா?" என்று கேட்டால், "அவரு அடிக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கை ஓடுது" என்பாள். புதுப்பெண் மயக்கம் என்று கேலி பேசினார்கள். அந்த மயக்கம் பதிமூன்று வருஷம் தெளியவில்லை. அதே இடம், அதே தூசி.

தூசிக்கு மருந்தாகக் காண்டிராக்டர் சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார். வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்தது இறங்கிவிடுமாம். பாறையையே உடைக்கிற ஆட்கள் அதை நம்பினார்கள். அந்த மகராசன் ஒரு நாளாவது அந்தத் தூசிக்குள் வந்து நின்று வெல்லம் தின்று காட்டியிருக்கலாம்.

1961இல் ஆண்டிச்சாமி படுத்தான். முதலில் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். பிறகு புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆத்மநாதன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். நுரையீரல் முழுக்கக் கல்தூசி படிந்து இறுகிவிட்டது, இதற்கு மருந்து கிடையாது. அடுத்த இரண்டு வருஷத்தில் மலைமாதிரி இருந்த மனுஷன் வாசலுக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிற அளவுக்கு வற்றிப் போனான். சுவரில் சாய்ந்தபடியேதான் தூக்கம். காத்தாயிக்கும் இருமல் இருந்தது. கல் உடைக்கிறவர்களில் யாருக்குத்தான் இல்லை என்று அவள் அதைச் சட்டை பண்ணவில்லை.

1963 ஆனி மாதம், டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆவூர் சூசைராஜ் வாத்தியார், அந்தப் பக்கம் போன காத்தாயியைக் கூப்பிட்டார். "இத கேளு. அமெரிக்காவுல ஒருத்தருக்குக் கெட்டுப்போன நுரையீரல எடுத்துட்டு வேற ஆளோட நுரையீரல வெச்சுட்டாங்களாம்!"

"அது ஒருத்தருக்கு எத்தன இருக்கும், சார்?"

"ரெண்டு."

ஆடி பிறந்ததும் காத்தாயி புருஷனைப் பக்கத்து வீட்டு அழகம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

"எங்கிட்ட ரெண்டு இருக்குங்க. ஒண்ண எடுத்து அவருக்கு வெச்சிருங்க" என்று அவள் சொன்னதும் டாக்டர் ஆத்மநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது இந்தியாவுலேயே கெடையாதும்மா. அங்கயும் செத்துப்போன ஒருத்தர்கிட்டேருந்துதான் எடுத்தாங்க. உயிரோட இருக்கவங்ககிட்ட எடுக்கல."

"நம்மூர்ல செத்தவங்கள யாருங்க அறுக்க விடுவா? நான் முழு மனசாத் தர்றேன், அறுங்களேன்."

"வெச்சுக்கிட்ட அந்த ஆளும் பதினெட்டு நாள்ல போயிட்டாரும்மா."

"பதினெட்டு நாளு நல்லா மூச்சு விட்டாருல்ல?"

பேச்சுக்கு நடுவே அவள் இரண்டு மூன்று தடவை இருமியதை டாக்டர் கவனித்திருந்தார். ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். சரி, பொருந்துகிறதா என்று பார்க்கிறார், பாதி சம்மதித்துவிட்டார் என்றுதான் காத்தாயி நினைத்தாள். சாமியைக் கும்பிட்டுக்கொண்டே போய் மெஷின் முன்னால் நின்றாள். பாவி மகளுக்கு அவ்வளவு ஆசை.

படம் வந்தது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆண்டிச்சாமியின் பழைய படத்தையும் எடுத்துவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படிக்கத் தெரியாதவளுக்கும் புரிந்தது. அதே வெள்ளைப் பொட்டுகள், அவனுக்கு அடர்த்தியாக, அவளுக்குக் கொஞ்சம் கம்மியாக.

"இனிமே அந்த வேலைக்குப் போகாதம்மா" என்றார்.

"வேற என்ன வேலைங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். தனக்கு வந்துவிட்டதே என்று அவள் அழவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்றே என்றுதான் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள்.

வீட்டில் ஆண்டிச்சாமி கண் பூத்துக் காத்திருந்தான். அவள் எதற்குப் போனாள் என்று அழகம்மாள் சொல்லிவிட்டிருந்தாள். "என்னடி சொன்னாரு?"

"இங்கிட்டெல்லாம் அதச் செய்ய மாட்டாங்களாம்." அவன் முகம் விழுந்ததைப் பார்த்துச் சட்டென்று சேர்த்தாள்: "ஆனா என்னுது சுத்தமா இருக்காம். சின்னப் புள்ளைக்கு இருக்கற மாதிரி இருக்குன்னாரு."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

வெகு நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். "அப்புடின்னா அத எனக்கொண்ணும் தர வேணாம். பத்திரமா வெச்சுக்க. நா அடிச்ச தூசி ஒன்ன ஒண்ணும் பண்ணலியே, அது போதும்டி."

அன்றிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மூச்சைப் பிடித்துப் பிடித்து அதையே சொன்னான். காத்தாயி இருமல் வந்தால் தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே ஓடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இருமிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள். மூன்று மாதம் அப்படி ஓடியது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஆண்டிச்சாமி போய்ச் சேர்ந்தான். ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பினார்கள். காத்தாயி வீட்டுக்குள் போய், அவன் சாய்ந்திருந்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஆசை தீர இருமினாள்.