மூன்றாவது விலாசம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் கண்கள் என்னிடம் பொய் சொன்னதில்லை. பொய் சொன்னது எங்கள் சூப்பர்வைசர்.

குளிர்கிடங்கில் பெட்டி தூக்குகிறவன் நான். என் தங்கையின் கணவரும் அங்கேதான் தூக்கினார். மூன்று வாரத்துக்கு முன் உள்ளே மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தபோது விறைத்துக் கிடந்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் திரை இருந்தது. அதில் எழுதினால் ஆபீஸ் திரையில் தெரியும்.

“உன் மாப்பிள்ளை ஒரு எழுத்துகூட எழுதல. குடிச்சிட்டுத் தூங்கியிருப்பான்” என்றார் சூப்பர்வைசர். தங்கையின் முகத்துக்கு நேராகவும் அதையே சொன்னார். காப்பிகூடக் குடிக்காத மனுஷனை!

அவர் போன மறுநாள் கிடங்குத் திரையைக் கழற்றியதும் நான்தான். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் திரையையும் கழற்றப் போனேன். பகல் 2.10. கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன்.

“உள்ள எழுதினது வழியில தொலையுமாம்மா?”

“வழியே கிடையாதுண்ணே. கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணுதான். அதுக்குள்ள ரெண்டு சிஸ்டம் ஓடுது, கிடங்குக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு. எழுதுற இடம் ஒரே இடம். ஆளுக்கொரு விலாசம், அவ்வளவுதான். ஒரே அறைக்கு ரெண்டு வாசல் மாதிரி.”

“அப்போ வரலைன்னா?”

“எழுதலை. இல்லைன்னா, பார்த்தவர் புளுகுறார்.”

அவள் வயரை உருவ மேசைக்கடியில் குனிந்தாள்.

2.14.

திரையில் ஒரு எழுத்து. பிறகு இன்னொன்று...

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. நாற்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன்.

க... த... வை...

கதவைத் திறங்க.

குளிரில் என் மூச்சு புகைந்தது. ஆபீசுக்குள்!

பின்னால் சூப்பர்வைசர். திரையைப் பார்த்தார்.

“மறுபடியுமா...” என்றார்.

மறுபடியும்!

சட்டையைப் பிடித்தேன். “அன்னிக்குப் பார்த்தியாடா?”

“சாப்பிட்டு வந்து... திறக்கலாம்னு...”

மேசைக்கடியிலிருந்து அவள் எழுந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். “உங்க தங்கச்சிகிட்ட நானே வந்து சொல்றேண்ணே” என்றாள்.

பிறகு பெட்டியைச் சோதித்தாள்.

“கிடங்கு விலாசத்தை அழிச்சு மூணு வாரமாச்சு. ஆனா அதே இடத்துக்கு மூணாவதா ஒரு விலாசம் இருக்கு. அதை ரெண்டு சிஸ்டமும் குடுக்கலை.”

“எப்போ வந்தது?”

“அவர் மாட்டின அன்னிக்கு. சாயந்திரம் 4.40.”

ஆஸ்பத்திரித் தாள் சட்டைப் பையில் இருந்தது. விரித்தேன். எழுத்துக் கூட்டினேன்.

உயிர் பிரிந்த நேரம்: 4.40.