மாதாவுக்குச் சாத்திய நீலக்கல்

பல்பொடி வாசனை வந்தால் எனக்குப் பல் ஞாபகம் வராது, புரூச் ஞாபகம்தான் வரும். ரோஸ் நிறப் பல்பொடியை ஈரத்துணியில் கொஞ்சம் தொட்டு, கறுத்துப்போன ஒரு புரூச்சின் இடுக்குகளில் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியெல்லாம் இனிப்பும் பித்தளையுமாக மணக்க, அதற்குள்ளிருந்து ஒரு மயிலோ குடையோ பூக்கூடையோ மெல்ல வெளிப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் திண்டிவனத்தில் கன்னியர் நடத்திய விடுதியில் என்னுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இன்னாடி, இரும்புக்கடை வச்சிக்கினு உக்காந்துட்டியா" என்று போகிறவள் வருகிறவள் எல்லாம் கேட்டுவிட்டுப் போவாள். நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன். பிடிவாதத்தில் எனக்கு நிகர் அந்த விடுதியில் யாருமில்லை.

எங்களுக்குக் காணை என்ற ஊருக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்புமாகச் சொந்த நிலம். எங்கள் வீட்டுப் பெண்கள் சேலை முந்தானைக்கு எதையும் குத்தி நான் பார்த்ததில்லை. தாலிச் சரட்டில் இரண்டு ஊக்கு தொங்கும், அதுவும் முள் எடுக்கத்தான். ஆறாம் வகுப்பில் விடுதியில் சேர்ந்தபோதுதான் டீச்சர்கள் மடிப்பு மடிப்பாக முந்தானையை அடுக்கி, தோளில் ஒரு "புரூச்சு" குத்தியிருப்பதைக் கண்டேன். கணக்கு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் தோளில் இருந்த மயிலின் கழுத்து ஒருமுறை மின்னும். எனக்குக் கணக்கு வராமல் போனதற்கு அந்த மயில்தான் காரணம் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

கல் உதிர்ந்ததால் டீச்சர்கள் வேண்டாமென்று கொடுத்தவை, திருவிழா வளையல் கடையில் வாங்கியவை, அப்பா மாதம் ஒருமுறை கொண்டுவரும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை உருண்டையைக் கொடுத்துப் பிள்ளைகளிடம் மாற்றிக்கொண்டவை என்று எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் என் பவுடர் டப்பாவில் பத்தொன்பது புரூச்சுகள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் குத்திக்கொண்டது கிடையாது. குத்திக்கொள்வதற்கா சேர்த்தேன், வைத்துக்கொள்வதற்குத்தான். இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு என் மேல் இரக்கம் வரலாம், புரிந்தவர்களுக்குப் பயம் வரவேண்டும்.

என் வகுப்பில் பிலோமினா என்றொருத்தி இருந்தாள். பொம்மையார்பாளையத்துக்காரி, அப்பா இல்லாதவள், என் ஒரே சிநேகிதி. அவளுடைய அம்மா அந்தோணியம்மா தினமும் குயிலாப்பாளையம் வரைக்கும் நடந்துபோய், அங்கே முந்திரித் தோப்புக்கு நடுவில் குடியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாளுக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்துக் கொடுத்துவிட்டு வருவார். பிலோவின் விடுதிச் சாப்பாடும் பாடப்புத்தகமும் அந்த வீட்டு வேலையிலிருந்துதான் வந்தன. அந்த அம்மாள் பழந்துணி கொடுப்பதுண்டு. அப்படி ஒருமுறை கொடுத்த துணிமூட்டையில் கழுத்தில் கட்டும் பட்டுத்துணி ஒன்று இருந்தது. அதன் நடுவில், மேலே நீலக்கல் பதித்த ஒரு பூவும், இரண்டு விரல்கடை தள்ளிக் கீழே கல் வைத்த ஒரு சின்ன இலையும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் தெரியாததால் அவை துணியோடு சேர்த்துத் தைத்த இரண்டு பொத்தான்கள் என்று அந்தோணியம்மா நினைத்துவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

விடுமுறைக்குப் போன பிலோ அதைத் துவைக்கப்போய்க் கையில் குத்திய பிறகுதான், துணிக்குப் பின்னால் மறைந்து ஓர் ஊசி ஓடுகிறது, பூவும் இலையும் அந்த ஊசியின் இரண்டு முனைகள் என்பது தெரிந்தது. இலையைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் கழன்று வரும். ஊசியைத் துணியில் செருகி எடுத்து மறுபடி இலையை மாட்டிவிட்டால் ஊசி இருந்த இடம் தெரியாது. துணியோடு சேர்த்துக் கொடுத்ததுதான் என்று அந்தோணியம்மா நம்பினார். ஆனாலும் அதைத் தான் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. "நமக்கெதுக்கு இது, மாதாவுக்குச் சாத்திடலாம்" என்று சொல்லி, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பினார்.

எங்கள் விடுதிப் பக்கத்துக் கோவிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வருஷத் திருவிழாவுக்கு மாதா சுரூபத்துக்குப் பட்டுப்புடவை கட்டி, அந்தக் கோவில் பங்கைச் சேர்ந்த பெண்கள் கொடுக்கும் புரூச்சுகளாலேயே அதன் மடிப்புகளைக் குத்தி நிறுத்துவார்கள். திருவிழா முடிந்ததும் புடவையை ஏலம் விடுவார்கள், புரூச்சுகளை மட்டும் மாதாவின் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். "சாத்துனது சாத்துனதுதான், திருப்பிக் கேக்கக்கூடாது" என்று விடுதி சிஸ்டர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். குத்திவிடும் வேலை எட்டாம் வகுப்பில் சீட்டு எழுதிப் போட்டு எடுக்கும் நான்கு பிள்ளைகளுக்கு. அந்த வருஷம் என் பெயர் வந்தது. நான் கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை இல்லை, சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை. பிலோ பெயர் வரவில்லை. அவள் தீப்பெட்டியை என் கையில் வைத்து, "எங்கம்மா பேரைச் சொல்லி சாத்திடுடி" என்றாள்.

அதைத் திறந்து பார்த்த நிமிஷமே நான் கெட்டுப்போனேன். பத்தொன்பதும் சேர்ந்தாலும் அந்த ஒன்றுக்கு உறை போடக் காணாது. புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பாவாடை மடியில் தீப்பெட்டி இருந்தது. நான் வளையல் கடையில் வாங்கிய தகர மயிலை எடுத்து அந்தோணியம்மா பேரைச் சொல்லி மாதாவின் தோளில் குத்தினேன். அடுத்த வருஷம் நீலக்கல்லைச் சாத்திவிடலாம், ஒரு வருஷம் மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் தேர் புறப்பட்டபோது, மாலைகளுக்கும் சீரியல் விளக்குகளுக்கும் நடுவில் மாதாவின் முகமே பாதிதான் தெரிந்தது. பிலோவும் திருவிழாவுக்கு வந்திருந்த அந்தோணியம்மாவும் அண்ணாந்து தேடினார்கள். எங்கே என்று பிலோ கேட்டாள். மாலைக்குள்ளே, இடது தோளில் என்று சொன்னேன். அந்தோணியம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சிலுவை போட்டார்.

மூன்று வாரம் கழித்து, பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையில்லாத ஒரு நாளில் அந்தோணியம்மா விடுதிக்கு வந்தார். நீலக்கல் அந்த வெளிநாட்டு அம்மாளின் தாயாருடையது; கழுத்துத்துணியில் குத்தியிருந்ததை மறந்துபோய்த் துணியோடு கொடுத்துவிட்டிருக்கிறார்; இப்போது வீடு முழுக்கத் தேடுகிறார். துணியில்தான் வந்தது என்று அந்தோணியம்மா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். சரி, கொண்டு வந்து கொடுத்துவிடு என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். கொண்டு போய்க் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

சிஸ்டரிடம் கேட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லலாமா என்று பிலோ கேட்டாள். அந்தோணியம்மா கோவிலுக்குள் போய் மாதாவின் முன்னால் வெகுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு வெளியே வந்தார். "குடுத்துட்டு மாதாகிட்டேர்ந்து எப்பிடிம்மா திருப்பி வாங்குறது. போவட்டும். அவங்க தோள்மேலதானே கீது" என்றார். நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் தகரப் பெட்டி அறையில் இருந்தது, பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் நீலக்கல். ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். திருடி என்று ஊரே சொல்லும், காணைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பயம் மட்டும்தானா என்றால் இல்லை. அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மாதாவுக்குச் சாத்திவிட்டோம் என்பதை அந்த வெளிநாட்டு அம்மாள் நம்பவில்லை. சத்தம் போடவில்லையாம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். அக்கம்பக்கத்து வீடுகளும் அதைக் கேள்விப்பட்டு அந்தோணியம்மாவை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவர் இறால் உரிக்கப் போனார். அரைப் பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போன பிலோ பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. அவளுக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வந்த கணக்கில் பாதி அவள் சொல்லிக்கொடுத்தது.

நான் படித்தேன். விழுப்புரத்தில் டீச்சராக இருந்து, போன வருஷம் ஓய்வும் பெற்றுவிட்டேன். புரூச் சேர்க்கும் பைத்தியம் மட்டும் விடவில்லை. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய "சொல்தா" வீட்டுப் பிள்ளைகள் பழம்பொருள்களை விற்ற இடங்கள், விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய சாமான் கடை என்று அலைந்து முந்நூறுக்கு மேல் சேர்த்திருக்கிறேன். பூட்டில்லாமல் வெறும் கொக்கி இருந்தால் பழசு, ஊசி சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் பழசு என்று கையில் வாங்கியவுடன் சொல்லிவிடுவேன். நீலக்கல்லுக்கு "ஜாபோ பின்" என்று பெயர், அந்தக் காலத்து ஐரோப்பியர் கழுத்தில் கட்டிய மடிப்புத்துணியில் குத்திக்கொள்வது என்பதையும் புதுச்சேரி வியாபாரி ஒருவர்தான் சொன்னார். அதன்பிறகு அதே மாதிரி நான்கைந்து பார்த்துவிட்டேன், ஒன்றையும் வாங்கவில்லை. வாங்கக் கை போகாது.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது நிறைய இருந்தது. பொழுது இருந்தால் மனசாட்சிக்கும் வேலை வந்துவிடுகிறது. முதலில் திண்டிவனம் போய் வந்தேன். விடுதி இருந்த இடத்தில் திருமண மண்டபம் நிற்கிறது. கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். மாதாவுக்கு இப்போது தைத்த புடவையை அப்படியே மாட்டிவிடுகிறார்களாம், புரூச் குத்தும் வழக்கமே இல்லையாம். பழைய பெட்டி என்ன ஆனது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் மாதாவிடம் சேர்த்து நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்று தெரிந்த பிறகுதான் பொம்மையார்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

பிலோவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடற்கரை விருந்தினர் விடுதி ஒன்றில் சமையலைக் கவனித்துக்கொள்கிறாள், பக்கத்திலேயே வீடு. வாசலில் நின்ற என்னை "வா செல்வி" என்று நேற்றுப் பார்த்தவள் மாதிரிக் கூப்பிட்டாள். உள்ளே அவள் அம்மா இருக்கிறார், கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும் என்றாள். நான் வாசலிலேயே பையைத் திறந்து நீலக்கல்லை எடுத்து அவள் கையில் வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். நாற்பத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும். அம்மா வந்துட்டுப் போன அன்னைக்கே உன் டப்பாவத் தொறந்து பாத்துட்டேன்."

ஏன் எடுக்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாதா போட்டுக்கினு கீறாங்கன்னு சொல்லி சொல்லித்தான் அம்மா அழுகைய நிறுத்துச்சு. இல்லம்மா, அது டப்பாவுல கீதுன்னு நான் எப்பிடிச் சொல்றது. நான் ஊருக்குப் போறதுக்குள்ள வேலையும் போச்சு. கையில மிச்சம் இருந்தது அந்த நெனப்பு ஒண்ணுதான், அதையும் நானே புடுங்கிக்கறதா?" பிறகு ஊசியை என் பைக்குள் திருப்பிப் போட்டு, "உள்ள வா, காபி குடி. அம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்காத" என்றாள்.

அந்தோணியம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். செல்வி என்றதும் கையை நீட்டி என் முகத்தைத் தடவிப் பார்த்தார். இறால் உரித்து உரித்து விரல்கள் மடங்கிப்போயிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் திரும்பி, "நான் சொல்லுவேனே, மாதாவுக்கு ஊசி சாத்துன பொண்ணு, அது இதுதான்" என்று சொன்னார். அந்தப் பெண் மரியாதையாக என்னைப் பார்த்தாள். எத்தனை முறை கேட்ட கதையோ.

"தேர் திரும்புச்சு பாரு, அப்ப நான் பாத்தேன். மாலைக்கு உள்ளேர்ந்து நீலமா மின்னுச்சு. அத்தினி பேருல யாருக்கும் தெரியல, எனக்கு மட்டும் தெரிஞ்சுது" என்றார். அப்புறம், "அது இன்னும் மாதாகிட்டதானே கீதும்மா?" என்று கேட்டார்.

பிலோ காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதும்மா" என்றேன்.

"உன் கையால சாத்துனது. நீ நல்லா இருப்பே" என்று சொல்லி, கட்டை விரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார்.