பிலோமினாவின் நாலு தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் மொட்டை மாடியில், நாலு எவர்சில்வர் தட்டுகளுக்கு முன்னால் நான் தோற்றுப்போனேன். 'ஆராய்ச்சி முறைகள்' என்ற பாடத்தைப் பதினெட்டு வருஷமாகக் கல்லூரியில் நடத்துகிறவன் நான். ஜெயித்தவர் கீழ்வீட்டு பிலோமினா. கருவாட்டு மொத்த வியாபாரி.

வயிறு எரிகிறது... சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஃபிளாட் கல்மண்டபத்தில், துறைமுகத்துக்குப் பக்கம். மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால், மாலையில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு இறங்கும். யார் காரணம்? அதற்கு முந்தைய வாரம் அசோசியேஷன் கூட்டத்தில் நான் எழுந்தேன். "கேட்டாண்ட நிக்கிற இஸ்திரி வண்டிதான். நாள் பூரா கரி எரிஞ்சா வேற என்ன ஆகும்?" என்றேன். புரொஃபசர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? இஸ்திரி போடும் தாஸ் மாதக் கடைசிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஏழு வருஷமாக அவருக்குச் சோறு போடுகிற இடம் அது.

எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் பிலோமினா கை தூக்கினார்.

"சார், நீங்க சொல்றது கரெக்ட்டாவும் இருக்கலாம், ராங்காவும் இருக்கலாம். ஒரு வாரம் டைம் குடுங்க. ஞாயித்துக்கெழம தாஸு வண்டி போட மாட்டாரு. சனிக்கெழம ரெண்டு தட்டு, ஞாயித்துக்கெழம ரெண்டு தட்டு, எண்ணெ தடவி மாடில வெக்கிறேன், தூசு வந்து ஒட்டிக்கும். ஞாயித்துக்கெழம தட்டு சுத்தமா இருந்திச்சின்னா, நானே தாஸ போவச் சொல்றேன். கறுப்பா இருந்திச்சின்னா, நீங்க அவராண்ட சாரி கேக்கணும். இன்னா சொல்றீங்க?"

சரி என்று தலையாட்டினேன், வேறு வழி? இதைத்தானே நான் போர்டில் எழுதிப் போடுகிறேன்! கருதுகோள் என்றால் தீர்ப்பு இல்லை, சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம். எது நடந்தால் என் ஊகம் தப்பு என்பதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள். நானும் மார்க் போடுவேன். இந்த அம்மாவோ கருவாடு காயப்போடுகிற இடத்தில் எந்தப் பக்கத்துக் காற்று மண்ணை அள்ளி வருகிறது என்று இப்படி எண்ணெய்த் தட்டு வைத்துத்தான் பார்ப்பாராம். எந்த யூனிவர்சிட்டியில் படித்தார்?

சொன்னபடி சனிக்கிழமை கடல் பக்கம் ஒரு தட்டு, ரோடு பக்கம் ஒரு தட்டு வைத்தார். சாயங்காலம் எடுத்து மூடி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அதே இடங்களில் வேறு இரண்டு. மாலையில் மொத்த ஃபிளாட்டும் மாடிக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைத் தட்டுகளிலும் அதே கறுப்பு. வண்டியே இல்லாத நாள்!

கைதட்டல்... விசில் வேறு. நான் மட்டும், "ரெண்டே நாள்தானே, சாம்பிள் ரொம்பச் சின்னது" என்று முனகினேன். ஒரு தட்டுகூட வைக்காமல் தாஸைக் கிளப்பப் பார்த்தவன் பேசுகிற பேச்சா இது?

அத்தோடு முடியவில்லை. தூசு துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிறது என்பது பிலோமினாவின் சொந்த ஊகம். பார்த்தால் துறைமுகம் இருக்கிற கடல் பக்கத் தட்டில் கறுப்பு கம்மி, கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு பக்கத் தட்டில்தான் ஜாஸ்தி.

"அட, நான் நெனச்சதும் புட்டுக்கிச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, அடுத்த வாரம் ரோட்டுப் பக்கம் நாலு தட்டு வெச்சிப் பாக்கலாம்."

கைதட்டலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. என் ஊகம் பொய்த்துப்போனால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இந்த அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சிரிப்பு வருகிறது?

திங்கட்கிழமை காலை சட்டைகளை எடுத்துக்கொண்டு தாஸிடம் போனேன். சாரி கேட்டேன்.

தாஸ் என் வெள்ளைச் சட்டையை எடுத்து இரண்டு தட்டு தட்டினார்.

"பரவால்ல சார். ஆனா முன்னாடியே என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுர்க்கலாம். நான் லீவு வுடுற ஞாயித்துக்கெழம காயப்போட்ட துணியத்தான திங்கக்கெழம குடுக்குறீங்க? அதுலயும் இந்தத் தூசு கீதே! ஏழு வருசமா தட்டிட்டுத்தான் தேய்க்கிறேன்."

ஆக, நான் பொறாமைப்பட வேண்டியவர்கள் இப்போது இரண்டு பேர்.