தடக்கிய சில்லு

இது கட்டிய கதை இல்லை. மோர்டனில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற சூசைதாசனுக்கு, 1993 டிசம்பர் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை பின்னேரம் நடந்தது. அவர் குடிக்கிற ஆள் இல்லை. இருட்டில் ஏதாவது கிறீச்சிட்டால் எந்த மூட்டு இளகியது என்று பார்க்கப் போகிற தச்சர். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும்.

விம்பிள்டனில் பழைய வாத்தியங்கள் திருத்தும் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. வாத்தியங்களுக்குப் பெட்டி செய்வார். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு ஹேர்டி-கேர்டியை முதலாளி அவருக்குக் கொடுத்துவிட்டார். மடியில் வைத்து வாசிப்பது அது. வலது கையால் பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு மரச் சில்லு சுழன்று தந்திகளை உரசும். வயலினுக்கு வில் செய்கிற வேலையை இதில் சில்லு செய்யும். மனைவி டொலறஸ் அதை விடவே இல்லை. "ஆர்மோனியமும் வயலினும் கலியாணம் முடிச்ச மாதிரி" என்று சிரிப்பாள். மாதா பாட்டெல்லாம் அதில் வாசித்தாள்.

1990 உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு ஒரு குறை வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சத்தம் தடக்கியது. ர்ர்ர்ர்… க்… ர்ர்ர்ர்… க்…

"இந்த ஊர் ஈரத்துக்குச் சில்லு ஊதிப்போச்சு. கழட்டித் தாரும், பாப்பம்" என்றார் சூசைதாசன்.

"ஓம், சில்லுதான். கழட்டவேண்டாம், எனக்குப் பழகிட்டுது."

இரண்டு வருஷம் அவர் அந்தச் சில்லை ஏசினார். அவள் ஓம் ஓம் என்றாள்.

1992 கோடையில் அவள் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. வலது கையில் தொடங்கிய நரம்பு வருத்தம். கை எப்போதிருந்து சோர்ந்தது என்று டாக்டர் கேட்டபோது, இந்தக் கோடையிலிருந்துதான் என்று சூசைதாசனே பதில் சொன்னார். டொலறஸ் வாய் திறக்கவில்லை. டிசம்பர் பதினொன்றில் போய்விட்டாள். அதன்பிறகு அவர் வீட்டுக்குள் செத்தவர் போலத்தான் நடமாடினார்.

முதலாம் ஆண்டுத் திருப்பலியில் அந்த வாத்தியத்தை வாசிக்கவேண்டும் என்று டொலறஸின் தங்கை பெர்னடெற் கேட்டாள். கோயிலில் அது தடக்கக்கூடாது. பட்டறைக்குப் புதிதாகச் செயற்கைச் சில்லுகள் வந்திருந்தன. பிசினில் வார்த்தவை. மழைக்கும் ஹீற்றருக்கும் அசையாதவை. மரந்தான் பாடும், இது வெறுமனே சத்தம் போடும் என்று முதலாளி முகத்தைச் சுளித்தார். சூசைதாசன் கேட்கவில்லை. மரச் சில்லைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். அளந்துகூடப் பார்க்கவில்லை.

வியாழன் காலை புதுச் சில்லைச் சுற்றிப் பார்த்தார். சுத்தமாக ஓடியது. ஒரு தடக்கல் இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த அவளையும் தானே கழற்றி எறிந்ததுபோல இருந்தது. தந்திகளைச் சில்லிலிருந்து தூக்கிவிட்டு, வாத்தியத்தை அவளுடைய கதிரையில் வைத்தார். தந்தி சில்லைத் தொடாவிட்டால் யார் சுற்றினாலும் சத்தம் வராது.

பின்னேரம் 3.52. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பெர்னடெற் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். குசினியில் கேத்திலை வைத்தார்.

முன்னறையில் சத்தம்.

ர்ர்ர்ர்…

"பெர்னடெற், வெள்ளனவே வந்திட்டீரோ?"



கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே…

ர்ர்ர்ர்… க்…

கேத்திலை நிறுத்தினார்.

ர்ர்ர்ர்… க்… ர்ர்ர்ர்… க்…

அதே தடக்கல். அதே இடம். புதுச் சில்லில்.

3.58. முன்னறை வாசலில் நின்றார். உள்ளே லைற் இல்லை, திரைச்சீலையும் மூடியிருந்தது. கதிரையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மாதா பாட்டு. மெதுவாக… மிக மெதுவாக…

"டொலி…"

நின்றது.

லைற்றைப் போட்டார்.

யாருமில்லை.

பிடி மேலே நின்றது. அவர் பார்க்கப் பார்க்க… அரைச் சுற்றுச் சுழன்று கீழே விழுந்தது.

டொக்.

தந்திகள் சில்லின்மேல் இறங்கியிருந்தன.

பிடியைத் தொட்டார்.

சூடு.

குனிந்து சில்லைப் பார்த்தார். இளகவில்லை. கோணவில்லை.

சனிக்கிழமை பெர்னடெற் வாசித்தாள். ஓர் இடத்திலும் தடக்கவில்லை. சூசைதாசன் கோயில் வாங்கில் இருந்தபடி குனிந்து அழுதார். பழைய சில்லையே திரும்பப் போட்டுவிடுவது, ஊதின இடத்தை மட்டும் சரிசெய்வது என்று முடிவெடுத்து, திங்கட்கிழமை அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

முதலாளி அதைக் கடைசல் மெஷினில் பூட்டி, விளிம்பில் அளவு முள்ளை வைத்துச் சுற்றினார். முள் அசையவில்லை. இன்னொருமுறை சுற்றினார். அசையவில்லை.

"நல்ல வட்டம், சூசை. இதில் ஒரு பிழையும் இல்லை."

"ஒவ்வொரு சுற்றிலும் தடக்குமே?"

"அப்படியென்றால் சுற்றின கையாகத்தான் இருக்கும்."

நான்கு வருஷம் சூசைதாசன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. போன மாதம் கோயில் வாசலில் என்னிடம் சொன்னார். அந்தச் சத்தம் பிறகு கேட்கவே இல்லையாம். ஒவ்வொரு பின்னேரமும் குசினியில் லைற்றை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறாராம்.

"இரண்டு வருஷம் அவளின்ரை கை எனக்குச் சொல்லிச்சுது. நான் மரத்தை ஏசினன். செத்தாப் பிறகும் வந்து சொன்னவள். அப்பவும் நான் குனிஞ்சு சில்லைத்தான் பார்த்தன்."